மூட்டில் தங்கிய காய்ச்சல்

சலவைக்கடையில் படுக்கை விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் ஹோட்டல் விரிப்பைக் கையால் தொட்டதே இல்லை என்று அர்த்தம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓர் உதறு உதறி, நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து மேசையில் போட வேண்டும். ஒருத்தி இழுக்கிற இழுப்புக்கு இன்னொருத்தி விட்டுக்கொடுக்காவிட்டால் துணி கோணிக்கொள்ளும். அந்தக் கடையில் இந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்துவந்தவர்கள் ஓரகத்திகள் இரண்டு பேர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். கீழே கடை, மேலே வீடு. பெரியவளின் புருஷன் வண்டியில் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். சின்னவளின் புருஷன் பின்னறையில் சலவை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவான்.

ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று ஊர் நினைக்கும். இவர்களும் சண்டை போடாமல் இல்லை. துணி கொடுக்க வந்தவர்கள் கொடுக்காமலே திரும்பிப் போகிற அளவுக்குப் போடுவார்கள். ஆனால் விரிப்பு மடிக்க நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மூச்சுதான்.

அந்தக் காய்ச்சல் எந்த விரிப்பில் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரத்தக் காய்ச்சல், ரத்தக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தபோதே சின்னவள் படுத்துவிட்டாள். நம் வீட்டுக்கா வரப்போகிறது என்ற அசட்டுத் தைரியம். பல் ஈறில் ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுத்தியா பல்லு வெளக்குவ?" என்று திட்டிக்கொண்டே பெரியவள் வெறுங்கையால் துடைத்துவிட்டாள். அதிலேயே அவளுக்கும் தொற்றிக்கொண்டது. முகமே தெரியாதபடி மூடிய உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து முதலில் ஒருத்தியை, பிறகு இன்னொருத்தியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருந்த தனி வார்டுக்குள் போனவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் பிழைத்து வந்தார்கள். ஆயுசு கெட்டி, வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்த அன்றே சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானக்கா உங்களுக்கும் வந்துச்சு," என்று ஒரு பாட்டம் அழுதாள். "ஆமாடி, நீ பெரிய ராஜகுமாரி, காய்ச்சல பொட்டலம் கட்டி எனக்குக் குடுத்தனுப்பின. மூக்கச் சிந்திட்டு வேலையப் பாரு," என்றாள் பெரியவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்தாள். சின்னவளுக்கு முடியவில்லை. அவள் அப்படித்தான், எதையும் உள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டிருக்கிற ரகம்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கண் விழித்தபோது சின்னவளால் கையை மூட முடியவில்லை. விரல்கள் விறைத்து நின்றன. மணிக்கட்டில் ஊசி ஏற்றியது போல் இருந்தது. எழுந்து நின்றால் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. படியில் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைக்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. பத்துமணி வெயில் ஏறினால் கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளை அரித்தது வேறு. வார்டை விட்டு அனுப்பும்போது, "மறுபடி காய்ச்சலோ வலியோ வந்தா உடனே வாங்க," என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலின்போதும் முதலில் இதே மூட்டுகள்தான் வலித்தன. அப்படியானால் கிருமி போகவில்லை, ரத்தத்தை விட்டு எலும்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். போய்க் கேட்கலாமே என்பீர்கள். கேட்கப் போய், உள்ளே பிடித்துப் போட்டுவிட்டால்? வார்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மகள் கை ஆட்டியதைப் பார்த்தவள் அவள். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தது. அதே காய்ச்சல், அதே வார்டு, வயதிலும் மூத்தவள். அந்தப் பெரியவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, இஸ்திரி போட்டுக்கொண்டு, ஜம்மென்று இருந்தாள். ஒரு நாள்கூட அம்மா என்று முனகவில்லை. காய்ச்சல் போனவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்றால், தான் இப்படி இருப்பதற்கு என்ன அர்த்தம்?

ஆகவே சின்னவள் மகளைத் தொடுவதை நிறுத்தினாள்.

மகளை வீட்டில் கூப்பிடுவதே வாண்டு என்றுதான், பெயருக்கேற்ற வாண்டு. இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. இஸ்திரி மேசைக்கு அடியில் குடித்தனம் நடத்துவாள், ஹேங்கர்களை மாட்டி ரயில் விடுவாள். அம்மா வார்டில் இருந்த நாளெல்லாம் வராத அழுகையை, அம்மா திரும்பி வந்த பிறகு அழுதாள். இருமல் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிச் சின்னவள் துணி அறையில் விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே தனியாகப் படுத்துக்கொண்டாள். வாண்டு பெரியம்மாவோடு படுத்தாள். "இருமலா? எனக்கு ஒரு இருமல்கூடக் கேக்கலியே," என்று புருஷன் கேட்டான். "உங்களுக்கு மெஷின் சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது," என்று வாயடைத்துவிட்டாள். அவன் பாவம், வெள்ளந்தி. உண்மையாக இருக்கும் என்று போய்விட்டான்.

விரிப்பு மடிக்கும்போதுதான் அவளுக்குப் பெரும்பாடு. முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி நிற்காது. ஓர் உதறுக்கு முனை நழுவித் தரையில் விழும், விழுந்த விரிப்பு மறுபடி சலவைக்குப் போகும். முதல் தடவை விழுந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பெரியவள் முந்திக்கொண்டாள். "எல்லாம் அந்தப் புதுத் திரவம் பண்ற வேல! துணி மெத்துனு இருக்கும்னு உன் வீட்டுக்காரன் வாங்கிட்டு வந்தான்ல, அதப் போட்டதுலேர்ந்து ஒரு துணி கையில நிக்குதா? வழுக்குது. பாரு, எனக்கும் வழுக்குது." சொன்னதோடு நிற்காமல் முனையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். "நீயும் இப்படிச் சுத்திக்க. அப்புறம் எங்க போயிடுது பாப்போம்."

சின்னவளும் சுற்றிக்கொண்டாள். தன் குறையை மறைக்கத்தான் அக்கா திரவத்தின் மேல் பழியைப் போடுகிறாள் என்று எண்ணிக்கொண்டாள். இவ்வளவு நல்லவளுக்கா மறுபடி இந்த நோயைக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தாள். அன்றிலிருந்து பெரியவள் குடித்த டம்ளரைக்கூடத் தொடாமல் ஒதுங்கினாள்.

இப்படியே எத்தனை நாள் ஓடியிருக்குமோ. ஒரு திங்கட்கிழமை வாண்டு இஸ்திரி மேசை மேல் ஏறி, அங்கிருந்து அழுக்குத் துணிக் கூடைக்குள் குதிக்கப் பார்த்து, குறி தவறித் தரையில் விழுந்தாள். நெற்றியில் அடி. அம்மா என்று அலறிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி சின்னவளை நோக்கி ஓடிவந்தாள்.

"கிட்ட வராத!" என்று கத்தினாள் சின்னவள். "தொடாத என்ன!"

குழந்தை அப்படியே நின்றுவிட்டது. அழுகைகூட நின்றுவிட்டது. பின்னறையிலிருந்து ஓடிவந்த அப்பா தூக்கிக்கொண்டபோது, அவன் தோளுக்கு மேல் அது அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தபின் எந்தத் தாயும் சோறு தின்ன மாட்டாள். சின்னவளும் தின்னவில்லை. நான் இந்த வீட்டில் இருந்தால் ஒன்று நோயைக் கொடுப்பேன், இல்லை குழந்தையை இப்படியே கொல்லுவேன் என்று துணி அறையில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரி ஆட்களே வந்து பிடிப்பதற்கு முன்னால் தானே வார்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தாள்.

மறுநாள் பெரியவள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஆனால் அவள் ஹோட்டலுக்குப் போய்க் கறை படிந்த விரிப்புகளைப் பிரித்து எடுத்துவிட்டு மத்தியானம்தான் வருவாள். அவள் இல்லாத நேரம்தான் நல்லது என்று சின்னவள் ஒரு பையில் மாற்று உடையும் சீப்பும் வைத்துக்கொண்டாள். புருஷனிடம் மாத்திரை வாங்கப் போகிறேன் என்றாள். வாண்டு மேசைக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா போயிட்டு வரேன்," என்றதற்குத் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவள் பையைப் பார்த்தான். "யாரப் பாக்கணும்?"

"ரத்தக் காய்ச்சல் வார்டுல சேரணும். எனக்கு மறுபடி வந்திருச்சு."

காவலாளி இரண்டடி பின்னால் போனான். பிறகு அவள் நிற்கிற நிற்பையும், கதவைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தான். "காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல. மூட்டுதான்."

"அட, மூட்டா? அப்ப வார்டு இல்லம்மா. பின்பக்கம் போங்க, கடைசி ரூம். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதான, எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

யார் எல்லாரும் என்று அவளுக்குப் புரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நீள பெஞ்சில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. பஸ் ஓட்டுகிற உடுப்போடு ஒருவர் முழங்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பந்து ஒன்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பெஞ்சின் கோடியில், இரண்டு கையையும் வெந்நீர்த் தொட்டிக்குள் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, காலில் பட்டை கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தவள் பெரியவள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரியவள் முழித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் முழிக்கிற முழி.

"நீ இங்க என்னடி பண்ற?" என்றாள் பெரியவள். அவளுக்கு எப்போதும் முதல் கேள்வி தன்னுடையதாக இருக்க வேண்டும்.

"நீங்க ஹோட்டலுக்குப் போறேன்னீங்க."

"போவேன், போவேன். இங்க வந்துட்டுப் போவேன்."

"உங்களுக்கும் வலிக்குதா?"

"வலிக்காம? பொழுது விடிஞ்சா ஒரு ரவிக்கைக் கொக்கி போடறதுக்குள்ள அழுக வந்துருது."

"எப்பலேர்ந்து?"

"வந்த புதுசுலேர்ந்துதான்."

சின்னவள் பையைக் கீழே போட்டாள். அவள் அக்காவோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், இப்படிக் கத்தியதில்லை. அன்று அந்த அறையே அதிரக் கத்தினாள். "ஏங்க்கா சொல்லல? நீங்க நல்லா இருக்கீங்க, நான் மட்டும் கெட்டுப்போய்க் கெடக்கேன்னு நெனச்சேனே! எனக்குள்ள இன்னும் கிருமி இருக்குன்னு நெனச்சேனே! எம்புள்ளைய நான் தொட்டு எத்தன நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?"

பெரியவளின் முகம் சுருங்கிப்போனது. கையைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தாள். "சொன்னா நீ என்னடி பண்ணியிருப்ப? 'என்னாலதான் அக்காவுக்கு இப்படி'ன்னு சோறு தண்ணியில்லாம கெடந்திருப்ப. ஏற்கெனவே பாதியா இருந்த. இதையும் உன் தலையில ஏத்தணுமான்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "இருமல்னு சொன்னியேடி. நானும் நம்பினேனே, முட்டாள். புள்ள எங்கிட்டப் படுத்துக்குதுன்னு சந்தோஷமா வேற இருந்தேனே."

அந்த அறைக்குப் பொறுப்பான டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். வயது அதிகமில்லை, ஆனால் அதட்டல் அதிகம். சின்னவளை உட்காரவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், முழங்காலை மடக்கிப் பார்த்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணு செவக்குதா? பார்வ மங்குதா?"

"இல்ல."

"செவந்தா அன்னிக்கே ஓடி வரணும். மூட்டுக்கு மட்டும் இப்படிப் பயந்திருக்க வேணாம். அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ உங்க ரத்தத்தப் பாத்துட்டுத்தான் அனுப்பினோம். கிருமி இல்ல. இது கிருமி பண்ற வலி இல்லம்மா, கிருமிய வெரட்டறதுக்கு உங்க ஒடம்பு கெளப்பிவிட்ட படை இருக்கே, அது இன்னும் அடங்கல. எதிரி போனது தெரியாம சொந்த மூட்டையே போட்டு அடிக்குது."

"கலவரம் முடிஞ்சப்புறமும் தெருவுல போற வர்றவன லத்தியால சாத்தற போலீசு மாதிரி," என்றார் பஸ்காரர்.

"மூட்டு வலியால யாருக்கும் ஒட்டாது," என்றாள் டாக்டரம்மா. "இந்தக் காய்ச்சல்ல பொழச்சவங்கள்ல நெறைய பேருக்கு வருது. சிலருக்குச் சில மாசம், சிலருக்கு வருஷத்துக்கு மேலயும் இருக்கும். நாள் சொல்ல என்னால முடியாது. கொறைக்க மாத்திர இருக்கு, நான் குடுக்கறதத் தவிர நீங்களா கடையில எதுவும் வாங்கிப் போடக் கூடாது. செவ்வாய்க்கிழம தவறாம வாங்க."

"எம்பொண்ணத் தூக்கலாமா?" என்று கேட்டாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கேட்டது.

"தாராளமா. உங்க கை எடங்குடுத்தா தூக்குங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். யார் பெரிய முட்டாள் என்பதுதான் சண்டை, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடை வாசலில் இருந்த ஒற்றைப் படியில் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி, ஒரே மாதிரி காலை வைத்து ஏறினார்கள். சின்னவளின் புருஷன் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் நண்டு மாதிரி நடக்கறீங்க?" என்றான். "உள்ள வா, சொல்றேன் உனக்கு," என்றாள் பெரியவள். முழுவதையும் கேட்டபோது அவன் ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான்.

வாண்டு மேசைக்கு அடியில்தான் இருந்தாள். நெற்றியில் நேற்றைய வீக்கம் நீலம் பாரித்திருந்தது.

"கண்ணு, வெளிய வா. அம்மாகிட்ட வா," என்று கையை நீட்டினாள் சின்னவள்.

குழந்தை இன்னும் உள்ளே நகர்ந்தது. "மாட்டேன்."

"அம்மா மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டியது. உதடு பிதுங்கியது. "நான் தொட்டா உனக்கு மறுபடி காய்ச்சல் வரும்ல? மறுபடி ஒன்னத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

சின்னவளுக்குத் தலையில் அடித்தது போல் ஆனது. நேற்று அப்படிக் கத்திய பிறகும் அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுகூட அது நினைக்கவில்லை. நோய் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சின்ன உடம்பை ஒடுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. தன் வயிற்றில் பிறந்தது தன்னைப் போலவேதானே இருக்கும்?

"இல்லடா, உன்னால இல்ல, உங்கிட்ட ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் உட்காரப் போனாள். முழங்கால் பாதியில் மாட்டிக்கொண்டது. ஐயோ என்று மேசைக் காலைப் பிடித்தாள். தாங்கிப் பிடிக்கப் போன பெரியவளுக்கும் முழங்கால் மடங்கியது. இரண்டு பேருமாகச் சேர்ந்து மடித்த விரிப்புக் கட்டின் மேல் சரிந்து, அங்கிருந்து தரைக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டு மொத்தமும் அவிழ்ந்து கொட்டியது.

"எழுந்திரிங்க்கா."

"நீ மொதல்ல எழுந்திரு, நான் உம்மேல கெடக்கேனா, நீ எம்மேல கெடக்கியா?" என்றாள் பெரியவள். அதற்குமேல் அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். சின்னவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க விலாவிலும் தோளிலும் வலி பிடுங்கியது. இரண்டு பேர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. அது சிரிப்புத் தண்ணீரா வேறு தண்ணீரா என்று பின்னறை வாசலில் நின்ற சின்னவளின் புருஷனுக்குப் புரியவில்லை. தூக்கிவிட ஓரடி எடுத்து வைத்தவன், மேசைக்கு அடியில் அசைவைப் பார்த்து அங்கேயே நின்றுகொண்டான்.

வாண்டு முதலில் தலையை நீட்டினாள். பிறகு தவழ்ந்து வெளியே வந்தாள். பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்திருக்கத் தெரியாமல் தரையில் கிடப்பதை அவள் பார்த்ததே இல்லை. கையிலிருந்த ஹேங்கரைக் கீழே வைத்தாள்.

"எழுந்திரிக்க முடியலியாம்மா?"

"முடியலடா."

குழந்தை தன் உள்ளங்கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டது, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் அம்மாவின் விரல்களைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி, முகம் சிவக்க இழுத்தது. சின்னவளுக்கு ஒவ்வொரு விரல் மூட்டிலும் உயிர் போய் உயிர் வந்தது.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது," என்றாள் சின்னவள். "ரொம்ப வலிக்குது. விடாத, இழு."